‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தை முதன்முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் போலீஸிடம் இல்லை. ஒரு டீச்சரிடம், விடுதி வார்டனிடம், இல்லையென்றால் மனநல ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநரிடம். குழந்தை தயங்கும். கேட்பவர் உடனே, "நீ சொல்லும்மா, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்பார். நல்ல மனசுதான். ஆனால் அந்த வாக்கைக் காப்பாற்றச் சட்டம் அவரை விடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, தகவல் தெரிந்தவர் உள்ளூர் போலீஸிடமோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை நிறுவனத் தலைவர் மறைத்தால் 1 ஆண்டு வரை. ஆக, மறுநாளே வாக்கு உடையும். ஏற்கனவே நம்பியவரால் ஏமாற்றப்பட்ட குழந்தைக்கு இது இரண்டாவது ஏமாற்று.

குழந்தை பேச ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்ல வேண்டியது வேறு: "நீ சொல்றதுல உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி செய்யக்கூடிய சிலர்கிட்ட நான் சொல்லியாகணும். யார்கிட்டன்னு உனக்குச் சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." இதைக் கேட்டுவிட்டுக் குழந்தை அன்று பேசாமலே போகலாம். போகட்டும். கதவைத் திறந்து வைத்திருங்கள், துருவாதீர்கள்.

சட்டம் யாரிடம் சொல்லச் சொல்கிறதோ அவர்களிடம் மட்டும் சொல்வதுதான் குழந்தைகளுக்கு உதவும் இந்தத் தொழிலின் ஒழுக்கம். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், வார்டு கவுன்சிலர், ஸ்டாஃப் வாட்ஸாப் குரூப் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. பெயரை எழுதாமல் "நம்ம பள்ளி எட்டாம் வகுப்பு, இன்ன தெரு" என்று போட்டாலும் ஊருக்கே விளங்கிவிடும். அதனால்தான் போக்சோ 23-ஆவது பிரிவு பெயரோடு முகவரி, படம், குடும்பம், பள்ளி, குடியிருக்கும் பகுதி எல்லாவற்றையும் சேர்த்தே ஊடகங்களுக்குத் தடை செய்கிறது. பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலும் அடையாளம் காக்கப்பட வேண்டும் என்று 2018-இல் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் பெரிதாகப் பேசப்பட்ட இரண்டு கசிவுகளுமே அரசுக் காகிதம் வழியாக நடந்தவை. 2019-இல் பொள்ளாச்சி பாலியல் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் இருந்தது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் பாலியல் வன்முறை வழக்கில், அவருடைய விவரங்கள் இருந்த எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வெளியானது. இரண்டிலும் பாதிக்கப்பட்டவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கும்படி உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. எஃப்.ஐ.ஆர்.களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற உத்தரவில், பாலியல் குற்ற வழக்குகளுக்கு 2016-இலிருந்தே விதிவிலக்கு இருக்கிறது. ஆகவே, "எங்கள் ஊழியர்கள் நல்லவர்கள், வெளியே சொல்ல மாட்டார்கள்" என்பதை நான் ஒரு பாதுகாப்பாகவே கணக்கில் எடுப்பதில்லை. கடிதங்களில் வழக்கு எண்ணை மட்டும் எழுதுங்கள். பெயர் தனித்தாளில், ஒட்டிய உறையில் போகட்டும். அம்மா பெயரை எழுதினால் மகள் பெயரை எழுதியது போலத்தான். கம்ப்யூட்டரில் கோப்புக்குக் குழந்தையின் பெயரை வைக்காதீர்கள். வருகைப் பதிவேட்டை வாசல் மேஜையில் விரித்து வைக்காதீர்கள்; அடுத்து வருபவர் கையெழுத்துப் போடும்போது மேல் வரியைப் படிக்காமல் இருக்க மாட்டார்.

ஆஸ்பத்திரி விஷயம் கொஞ்சம் நீளம். "போலீஸ் லெட்டர் இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. அவசரச் சிகிச்சைக்கு எந்தக் கடிதமும் கேட்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள். மருத்துவமனை அரசோ தனியாரோ, சிகிச்சையை மறுத்தால் அதுவே குற்றம். மணிக்கணக்கும் முக்கியம்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். உடலிலிருந்து தடய மாதிரி எடுப்பதற்கு 96 மணி நேரம் வரை முயலலாம். சிகிச்சை, பரிசோதனை, தடயம் எடுத்தல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சம்மதம் கேட்க வேண்டும். 12 வயது நிறைந்திருந்தால் சம்மதம் குழந்தையுடையது. பரிசோதனை வேண்டாம் என்றால் அதை எழுதிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். "அப்போ வீட்டுக்குப் போ" என்று சொல்ல இடமில்லை. பெண்ணுறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரு விரல் சோதனையைச் செய்பவர் தொழில் ஒழுக்கக் கேட்டுக்குக் குற்றவாளி என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

உடையில்தான் வழக்குகள் வீணாகின்றன. தரையில் ஒரு பெரிய வெள்ளைத்தாளை விரித்து, அதன்மேல் நின்று உடை மாற்ற வேண்டும். உதிரும் முடி, மண், நூல் அதில் விழும். ஈரமாக இருந்தால் நிழலில் காய வைத்து, ஒவ்வொரு துணியையும் தனித்தனிக் காகித உறையில் போட வேண்டும். பாலிதீன் பையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், டி.என்.ஏ. கெடும். வீட்டில் துவைத்துவிட்டார்களா? திட்ட வேண்டாம். துவைத்த துணியையும் அப்படியே கொண்டுவரச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆதரவு நபர், அதாவது விசாரணையிலும் வழக்கிலும் குழந்தைக்குத் துணையாக இருப்பவர். குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் இவரை எல்லா வழக்கிலும் கட்டாயம் அமர்த்த வேண்டும், பெற்றோர் விருப்பத்துக்கு விடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. இவருடைய வேலை குறுகியது, குறுகியதாகவே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. விசாரணை இவர் வேலை இல்லை. "அப்புறம் என்ன நடந்தது?" என்று கேட்டு நான்கு பக்கம் எழுதி வைத்தால், போலீஸிடமும் மாஜிஸ்திரேட்டிடமும் குழந்தை சொன்னதோடு அந்தக் குறிப்பை வைத்து எதிர்த்தரப்பு வக்கீல் முரண்பாடு தேடுவார். ஒன்று கிடைத்தால், "சொல்லிக் கொடுத்த சாட்சி" என்பார். எழுத வேண்டியது தேதி, நேரம், உடன் வந்தவர், குழந்தையின் தேவை. நடந்ததைக் குழந்தை தானாகச் சொன்னால், மேற்கோள் குறிக்குள் அதன் சொல்லிலேயே எழுதுங்கள். "மாமா கெட்டது பண்ணாரு" என்று சொன்னதை "பாலியல் தாக்குதலுக்கு உள்ளானார்" என்று திருத்தாதீர்கள். "உண்மையைச் சொல்வதாகத் தெரிகிறது" என்ற தீர்ப்பும் வேண்டாம்.

சமரசத் தூது வேறு வரும்: "பையனோட எதிர்காலம் என்னாகும்", "கல்யாணம் பண்ணி வச்சிடலாம்." இதை ‘குடும்பத்தின் கருத்து’ என்று குழந்தையிடம் கொண்டு போகும் ஆற்றுப்படுத்துநர் அந்த நிமிஷமே எதிர்த்தரப்பு ஆள்.

பணம் பற்றிச் சுருக்கமாக. தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு கொடுக்க வேண்டும். சாப்பாடு, துணி, பஸ் செலவுக்குக் குழந்தைகள் நலக் குழு தனியே உடனடி உதவிக்குப் பரிந்துரைக்கலாம். இதை யாரும் கேட்பதில்லை, அதனால் கொடுப்பதுமில்லை. "வாங்கித் தர்றேன், பத்து பர்சென்ட்" என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிட்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மனுவுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பு, கோர்ட் காலியாக இருக்கும்போது குழந்தையை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஜட்ஜ் எங்கே உட்காருவார், திரை எங்கே இருக்கும், கழிவறை எங்கே, குற்றம் சாட்டப்பட்டவரின் ஆட்கள் நிற்கும் வராண்டாவைத் தொடாமல் எந்த வழியாக உள்ளே போகலாம். பதில்களைச் சொல்லித் தராதீர்கள். ‘தெரியாது’, ‘ஞாபகம் இல்லை’, ‘கேள்வி புரியலை’ என்பதும் பதில்தான் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.