பித்தளை வாத்தியக் குழு யார் போட்ட பிச்சை?

நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் வந்த அந்தப் பத்தியை இதற்குள் எல்லோரும் படித்திருப்பீர்கள். எழுதியவரையும் அறிவீர்கள் என்பதால் பெயர் வேண்டாம். இங்கிலாந்தில், யார்க்‌ஷயரின் பித்தளை வாத்தியக் குழுக்கள், கருணையுள்ள முதலாளிகள் உழைப்பாளிகளுக்கு வழங்கிய கொடையாம். இல்லை ஐயா. அவற்றை உண்டாக்கியவர்கள் வாசித்தவர்கள்தாம்.

குவீன்ஸ்பரியில் ஜான் ஃபாஸ்டரின் ஆலை 1855-இல் பிளாக் டைக் குழுவுக்கு வாத்தியங்களும் சீருடையும் வாங்கித் தந்தது உண்மை. ஆனால் அதே ஊரில் 1816-லேயே பீட்டர் வார்ட்டன் என்ற மதுவிடுதிக்காரர் குழு நடத்தினார்; ஃபாஸ்டரே அதில் ஹார்ன் ஊதியவர்தான். கிரைம்தார்ப் நிலக்கரிச் சுரங்கக் குழுவையும் 1917-இல் தொடங்கியவர்கள், கலைந்துபோன கட்வொர்த் ஊர்க்குழுவின் வாசிப்பாளர்களே. ஊர் முந்தியது, கம்பெனி பிந்தியது.

“பணம் யாருடையது?” என்று உடனே கேட்பீர்கள். பல சுரங்கங்களில் தொழிலாளரின் வாரச் சம்பளத்தில் சில்லறைக் காசு பிடித்துத்தான் குழு நடந்தது. அந்தச் சம்பளமே முதலாளி கொடுத்ததுதானே என்பீர்களானால், நீங்கள் கல்யாணங்களில் எழுதும் மொய்யையும் இனி உங்கள் மேலாளர் பெயரிலேயே எழுதிவிடுங்கள். குடியிலிருந்து விலக்கவே முதலாளிகள் குழு அமைத்தார்கள் என்கிறார் இன்னொருவர். ஒத்திகை முடிந்து தொண்டை வறண்டவர்கள் எங்கே போனார்கள் என்று அவர் விசாரித்துப் பார்க்கலாம்.

என் மகளுக்கு டெனர் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியைச் சொல்லித்தருபவர் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. காயத்துக்குள் கரித்தூள் தங்கி ஆறியதால் நீலமாகிவிட்ட தழும்புகள் அவர் புறங்கையில் இருக்கின்றன. வால்வுக்கு எண்ணெய் விட்டு, அதை அழுத்தக் கற்றுத் தருவதும் அந்தக் கைதான். கார்னெட் என்ற சிறிய ஊதுகருவியில் பழகிய விரல் அசைவு, தாழ்ந்த சுரம் ஊதும் பெரிய பாஸ் வரை மாறாது, வால்வு வைத்த வாத்தியங்கள் அனைத்துக்கும் இக்குழுக்களில் ட்ரெபிள் கிளெஃப் என்ற ஒரே சுரக்குறிப்பு முறை என்பதை அவர்தான் விளக்கினார். ஒருவர் இரவு ஷிப்டுக்குப் போனால் இன்னொருவர் அவர் வாத்தியத்தை எடுத்து வாசிக்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா?

1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. கிரைம்தார்ப்பும் அதில் ஒன்று. அடுத்த சில நாட்களிலேயே அந்தக் குழு லண்டன் ஆல்பர்ட் அரங்கில் தேசியப் போட்டியை வென்றது. 1993-இல் சுரங்கம் மூடப்பட்டது. மேலிருந்து வந்த கொடையாக இருந்திருந்தால் அன்றே குழுவும் முடிந்திருக்க வேண்டும், இன்றும் வாசித்துக்கொண்டிருக்கிறது.

நான் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறேன் என்று சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். உழைக்கிறவன் தானாக எதையும் உண்டாக்கியிருக்க மாட்டான் என்ற நினைப்பு, இந்த நாட்டு ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் இரவு ஷிப்டு பார்த்து வீடு வாங்கிய நம்மவர் பேனாவிலிருந்து வருவதுதான் எனக்கு வலிக்கிறது. அந்தப் பத்தியைத் திருத்துங்கள். திருத்த மனமில்லையென்றால், அடுத்த பொங்கல் விழாவுக்குப் பித்தளை வாத்தியக் குழு எதையும் அழைக்காதீர்கள். முதலாளிகளையே வந்து ஊதச் சொல்லுங்கள்.