பழைய இசியூவை மாட்டினால் கார் ஓடிவிடுமா?

‘காயலான் கடையில் அதே மாடல் காரின் இசியூவை வாங்கி நீங்களே மாட்டுங்கள், வண்டி உடனே ஓடும், ஒர்க்‌ஷாப்பில் கேட்பது கொள்ளை’ என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இசியூ என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்.

பாதி சரி. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, நாலு போல்ட்டு, ஒன்றிரண்டு கனெக்டர்: மாட்டுவது பெரிய வேலையே இல்லை. சிக்கல் அப்புறம்தான். இம்மொபிலைசர் எனும் திருட்டுத் தடுப்பு அமைப்பு உள்ள கார்களில் சாவிக்குள் இருக்கும் சிப்பின் குறியீடு இசியூவோடு பொருந்த வேண்டும்; பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது. அதனால் பெரும்பாலும் ஸ்கேனர் வைத்துப் புரோகிராம் செய்தாக வேண்டும். ஒர்க்‌ஷாப் கூலியில் அந்த வேலையும் உண்டு. ஒரே மாடலிலேயே வருடம், கியர்பாக்ஸுக்கு ஏற்ப பார்ட் நம்பரும் மாறலாம்.

இசியூ மேல் ஒட்டிய லேபிளில் நம்பரையும், வண்டியோடு வந்த கையேட்டில் இம்மொபிலைசர் பகுதியையும் பாருங்கள். பல நேரம் பழுது இசியூவிலேயே இருக்காது, ஃபியூஸோ எர்த் வயரோதான். அந்தத் தகவல் வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள்.