மஞ்சள் கடவை மட்டும் வாகனத்தை மறிக்காது

திருகோணமலை உப்புவெளியில் நிலாவெளி வீதிக்கு இன்னொரு மஞ்சள் கடவை, அதாவது நடந்து போவோர் வீதியைக் கடக்கும் மஞ்சள் பட்டை, கீறினால் சரிவரும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிழை. பெயின்ட் வேகத்தைக் குறைக்காது. மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் கார், சாரதி கண்டு பிரேக்கில் கால் வைக்கும் ஒன்றரை விநாடிக்குள் 21 மீற்றர் ஓடிவிடும். காய்ந்த தாரிலும் நிற்க இன்னும் ஏறக்குறைய 14 மீற்றர் வேணும். 30இல் வந்தால் மொத்தமே 18 மீற்றருக்குள் நின்றுவிடும். அதனால் வேகம் குறையும்படி கடவையையே மேடைபோல உயர்த்த வேண்டும்.

அதைவிட அவசரம், கடவையை ஒட்டி நிற்கும் ஆட்டோக்களை அகற்றுவது. அந்த மறைவிலிருந்து பிள்ளை வீதியில் கால் வைத்த பிறகுதான் சாரதிக்குத் தலையே தெரியும். விளக்கும் கடவைக்கு நேர்மேலே வேண்டாம், ஆள் நிழலாகத்தான் தெரிவார். வாகனம் வரும் பக்கம் சற்று முன்தள்ளி நடுங்கள். சைக்கிள்காரர் இறங்கி உருட்டட்டும், மழையில் அந்த மஞ்சள் பட்டை வழுக்கும்.