பாட்டில் போட்ட ஓட்டை

மரத்தூள் அடுப்பில் சமைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. தகர டின், அடியில் பக்கவாட்டில் ஒரு வாய். அந்த வாய் வழியாக ஒரு உருட்டுக்கட்டையைச் செருகி, நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டி அம்மாச்சி இடித்து இறுக்குவார். அப்புறம் பாட்டிலை மெல்லத் திருகி உருவ வேண்டும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் தூள் சரிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. சரியாக வந்துவிட்டால் நடுவில் புகைபோக்கி மாதிரி ஓர் ஓட்டை நிற்கும். கீழே பற்றவைத்தால் சோறு, குழம்பு, குளிக்க வெந்நீர் வரைக்கும் தாங்கும். மரவாடியில் தூளைச் சும்மா அள்ளிக்கொண்டு போகச் சொன்ன காலம் அது.

பிரிக்கெட், அதாவது இந்தத் தூளையே அழுத்திக் கட்டியாக்கிய எரிபொருள், ஏதோ நேற்று வந்த பசுமைத் தொழில்நுட்பம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 1880-லேயே சிகாகோவின் வில்லியம் ஸ்மித் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். மர அறுவை மில்லில் மிஞ்சியதை 66 டிகிரி செல்சியஸ் சூட்டில் நீராவிச் சுத்தியலால் அடித்துக் கட்டியாக்குவதுதான் அவர் வழி. 1930 வாக்கில் ஐடஹோ மாநிலத்து லூயிஸ்டனில், ராபர்ட் பௌலிங் என்ற மில் பொறியாளர் தூளைத் திருகி அழுத்தி விறகாக்கும் இயந்திரம் செய்தார். அந்த விறகு 'பிரெஸ்-டு-லாக்ஸ்' என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இதில் பசை எதுவும் சேர்ப்பதில்லை. மரத்துக்குள்ளேயே லிக்னின் என்று இயற்கையான ஒட்டுப்பொருள் இருக்கிறது. சூடும் அழுத்தமும் பட்டால் இளகி, ஆறும்போது தூளைப் பிடித்துக்கொள்ளும். கரியாக்கிவிட்டால் அந்த வசதி போய்விடும், மாவுப்பசை வேண்டும். கார் செய்ய அறுத்த மரத்தின் கழிவை மிச்சிகனில் கரிக்கட்டியாக்கிய ஹென்றி ஃபோர்டும் அப்படித்தான் ஒட்டவைத்தார். அதைத் தன் கார் விற்பனைக் கடைகளிலேயே விற்றார் என்பது எனக்குப் பிடித்த கூத்து.

ஸ்மித், பௌலிங், ஃபோர்டு, மூன்று பேர் கதையிலும் குப்பை வைத்திருந்தவனின் தலைவலிதான் ஆரம்பம். அடுப்பூதிக் கண் எரிந்தவள் யாரும் அதில் இல்லை. அதனால்தான் இந்த இயந்திரங்கள் குப்பை குவியும் இடத்தில் முளைக்கின்றன, எண்ணெயும் எரிவாயுவும் மலிந்தால் காணாமல் போகின்றன என்று நினைக்கிறேன். போருக்குப் பிந்தைய ஜப்பானில் திருகு இயந்திரத்தில் செய்த 'ஓகாலைட்' மரத்தூள் விறகு சக்கைப்போடு போட்டது. 1969-இல் 638 ஆலைகள் இருந்தன! பிறகு அந்த மவுசு போய்விட்டது.

அந்த ஓகாலைட்டின் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நட்டநடுவில் ஓர் ஓட்டை. திருகின் முனை விட்டுப்போன தடம், ஆனால் காற்று உள்ளே ஓடி நன்றாக எரியும். அம்மாச்சியின் பாட்டில் போட்டதும் அதே ஓட்டைதான், காப்புரிமைதான் இல்லை.

நம் ஊர் உமியை அந்தத் திருகில் போட்டால் வேறு தொல்லை. உமியில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே கடினப் பொருள், அதிகம், திருகின் முனையை அரம் மாதிரி அராவித் தின்றுவிடும். ஈரமும் ஆகாது. தூள் நனைந்திருந்தால் உள்ளே ஆவி கட்டி, அச்சை விட்டு வரும்போதே கட்டி வெடித்துவிடும். வந்த பிறகும் மழை எதிரிதான். போன ஐப்பசியில் ஒரு மூட்டை பிரிக்கெட் வாங்கி, திண்ணை ஓரம் மூடாமல் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான். காலையில் பார்த்தால் கட்டியெல்லாம் ஊதிப் பிளந்து பழையபடி தூள்.

சரி, அம்மாச்சி அடுப்பிலாவது போடலாம் என்று டின்னைத் தேடி எடுத்து, காயவைத்த தூளை இடித்தேன். மூன்று தடவை சரிந்தது. அதற்குள் தூள் பாதி வீணாகிவிட, கொஞ்சம் வாங்கலாமென்று மரவாடிக்குப் போனேன். பிரிக்கெட் கம்பெனிக்கு மொத்தமாகப் பேசி முடித்தாகிவிட்டதாம். ஒரு சாக்கு மட்டும், அதுவும் காசு வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள்.