பிரீமியம் கன்ட்ரோலர் வாங்கறதுக்கு முன்னாடி உன் கட்டைவிரலைக் கேளு

கன்சோல் வாங்கி கொஞ்ச நாள் ஆனதும் எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு அரிப்பு வரும், அடுத்து கன்ட்ரோலரை மாத்தணும்னு. எனக்கு இன்பாக்ஸ்ல அதிகமா வர்ற கேள்வியும் இதான், "அண்ணா எட்ஜ் வாங்கவா, எலைட் வாங்கவா?" எட்ஜ்ங்கறது பிஎஸ்5க்கு சோனி விக்கற பிரீமியம் கன்ட்ரோலர், எலைட் எக்ஸ்பாக்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் விக்கறது. நான் திருப்பிக் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இப்ப கைல இருக்கற கன்ட்ரோலர்ல ஆடும்போது எந்த இடத்துல உன் விரல் பத்தாம போகுது? இதுக்கு பதில் சொல்லத் தெரியலன்னா துட்டு பேங்க்லயே இருக்கட்டும். பதில் டக்குனு வந்துச்சுன்னா எதை வாங்கறதுங்கறதும் பாதி முடிவாயிடும்.

எல்டன் ரிங் ஆடுனவங்களுக்கு நான் சொல்றது உடனே புரியும். ஓடறதுக்கு வட்டம் பட்டனை அமுக்கிப் பிடிச்சிட்டே இருக்கணும், கேமராவைத் திருப்ப வலது ஸ்டிக், ரெண்டுக்கும் இருக்கறது ஒரே கட்டைவிரல். பின்னாடி ஒரு ராட்சசன் துரத்திட்டு வர்றான், எங்க வர்றான்னு பாக்கணும்னா ஓட்டத்தை விடணும், இல்லன்னா ஆள்காட்டி விரலை நண்டு கொடுக்கு மாதிரி வளைச்சு வட்டத்து மேல வச்சு கட்டைவிரலை ஸ்டிக்ல வச்சு ஆடணும், அப்படி ஒரு ராத்திரி ஆடிப் பாரு, காலைல பல்லு விளக்க பிரஷ் பிடிக்கும்போது தெரியும். பின்பக்கம் ஒரு பட்டன் இருந்து அதுல வட்டத்தை மேப் பண்ணிட்டா இந்தப் பிரச்சனையே கிடையாது, நடுவிரல் சும்மாதான கன்ட்ரோலரைத் தாங்கிட்டு இருக்கு, அதுக்கு ஒரு வேலை. கால் ஆஃப் டூட்டில குதிச்சிட்டே குறி பாக்கறதும் இதே கதைதான், குதிக்க எக்ஸை அமுக்கற அந்த நொடி குறி கைல இல்ல.

பிரீமியம் கன்ட்ரோலர்ல உண்மையா ஆட்டத்தை மாத்தற விஷயம்னா என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தப் பின்பக்க பட்டன்தான். ரெண்டாவது, ஸ்டிக் போனா என்ன பண்றதுங்கற கேள்விக்கு அந்த கன்ட்ரோலர்ல பதில் இருக்கணும். மத்தபடி கழட்டி மாட்டற டி-பேட் (அந்த கூட்டல் குறி மாதிரி இருக்கற திசை பட்டன்), உயரம் மாத்தற ஸ்டிக் தொப்பி, மூடி கலர் எல்லாம் முதல் வாரம் ஆசையா மாத்துவோம், அப்புறம் அந்த பாகம் எல்லாம் கேஸுக்குள்ளயே தூங்கும். சண்டை கேம் ஆடறவங்க மட்டும் இங்க என்னை அடிக்க வருவாங்க, அவங்களுக்கு டி-பேட்தான் உயிர், அது தனி ஜாதி. அவங்களுக்குன்னே விக்ட்ரிக்ஸ் ப்ரோ பிஎஃப்ஜினு ஒண்ணு இருக்கு, இடது பக்கத்து ஸ்டிக்கையும் டி-பேடையும் இடம் மாத்தி வச்சுக்கலாம், வலது பக்கம் ஆறு பட்டன் மாட்யூலே மாட்டலாம்.

சரி காசுக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட்டோட எலைட் சீரிஸ் 2 வந்தது 2019 நவம்பர்ல, அப்போ அமெரிக்க விலை 179.99 டாலர். பின்னாடி நாலு பேடில் (அதான் அந்தப் பின்பக்க பட்டன்), ஸ்டிக்கோட இறுக்கத்தை ஒரு குட்டி சாவி போட்டு மாத்தலாம், கேஸுக்குள்ளயே சார்ஜ் ஏறும், பேட்டரி 40 மணி நேரம் வரைக்கும் நிக்கும்னு சொல்றாங்க. 2022ல அதையே பேடில், கேஸ் எல்லாத்தையும் உருவிட்டு கோர்னு பேர் வச்சு 129.99க்கு விட்டாங்க, உருவுன ஐட்டத்தை தனி பேக்கா 59.99க்கு வித்தாங்க. ரெண்டையும் கூட்டிப் பாரு, முழுசா வாங்கறதை விட பத்து டாலர் ஜாஸ்தி. நம்ம ஊர் ஸ்வீட் கடைல கூட இப்படி பேக்கிங் கணக்கு போட மாட்டாங்க. சோனியோட டூயல்சென்ஸ் எட்ஜ் வந்தது 2023 ஜனவரி, அப்போ 199.99 டாலர், இந்தியாவுல வந்தப்போ விலை 18,990 ரூபாய். பிஎஸ்5 கூடவே வர்ற சாதா டூயல்சென்ஸ் இங்க வந்தப்போ 5,990, அந்தக் கணக்குல ஒரு எட்ஜ் காசுக்கு சாதா மூணு வாங்கிட்டு பெட்ரோல் போட மீதியும் இருக்கும்.

இவ்ளோ விலை வச்சு விக்கறானே, ஸ்டிக்காவது ட்ரிஃப்ட் ஆகாம, அதாவது தொடாமலே தானா நகராம இருக்குமான்னு கேட்டா அதுவும் கிடையாது, எனக்கு இந்த மேட்டர்ல கடுப்பே அதான். எட்ஜ், எலைட் ரெண்டுலயும் இருக்கறது பழைய பொட்டன்ஷியோமீட்டர் ஸ்டிக். உள்ள ஒரு கார்பன் பட்டை, அது மேல சின்னதா ஒரு உலோக நாக்கு, நீ ஸ்டிக்கை அசைக்கற ஒவ்வொரு தடவையும் நாக்கு பட்டை மேல உரசும், உரசி உரசி பட்டை தேஞ்சு, தூள் கிளம்பி, ஒரு நாள் நீ கையே வைக்காம ஹீரோ தானா நடந்து போய் குழியில விழுவான். ஹால் எஃபெக்ட் ஸ்டிக்ல இந்த உரசலே இல்ல, காந்தம் நகரும், சென்சார் தூரத்துல இருந்தே அளக்கும். இது ஏதோ நேத்து கண்டுபிடிச்ச ராக்கெட் சயின்ஸ்னு நெனைக்காத, செகா 1998ல ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலர்லயே காந்த ஸ்டிக்தான் போட்டான். இன்னிக்கு கேம்சர் ஜி7 எஸ்இ மாதிரி வயர் கன்ட்ரோலர், எட்ஜ் விலைல மூணுல ஒரு பங்கு கூட வராது, அதுல ஹால் ஸ்டிக் இருக்கு, பின்னாடி ரெண்டு பட்டனும் இருக்கு, எக்ஸ்பாக்ஸ் லைசென்ஸும் இருக்கு. அப்ப இருபதாயிரம் பக்கம் விக்கறவனுக்கு என்ன கேடு?

ஆனா எட்ஜ்ல ஒரு விஷயத்தை மட்டும் நான் மனசாரப் பாராட்டுவேன். பின்னாடி ஒரு சின்ன ஸ்லைடர் இருக்கும், அதைத் தள்ளுனா முன்பக்கம் அந்த பளபளன்னு கருப்பு மூடி கழண்டு வந்துடும், ஸ்டிக் பக்கத்துல ஒரு குட்டி லிவர், அதை நிமித்தி இழுத்தா ஸ்டிக் அப்படியே ஒரு சதுர டப்பாவா கைல வந்துடும். புது டப்பாவை அழுத்தி, லிவரை மடக்கி, மூடியை மாட்டுனா வேலை முடிஞ்சுது, ஸ்க்ரூடிரைவர் கூட வேணாம், அந்த மாட்யூல் வந்தப்போ அமெரிக்காவுல 19.99 டாலர். சாதா கன்ட்ரோலர்ல இதே வேலைக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் போகணும், நரசிங்கபுரம் தெருவுல கைதேர்ந்த ஆளுங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லல, ஆனா ஒரு ஸ்டிக்குக்கு ஒரு டஜனுக்கு மேல கால் போர்டுல சால்டர் பண்ணியிருக்கும், அத்தனையும் உருக்கி பழசை எடுக்கும்போது சூடு கொஞ்சம் ஏறிப் போனா போர்டுல இருக்கற தடமே பிச்சுக்கும். ஆள் நல்ல ஆளான்னு முன்னாடி அவர் பண்ணுன வேலையைப் பாத்துட்டு குடுங்க. எட்ஜ் வாங்கறவங்களும் ஒண்ணு கவனிங்க, அந்த மாட்யூல் இங்க எங்கயாவது ஸ்டாக் இருக்கான்னு கன்ட்ரோலர் வாங்கறதுக்கு முன்னாடியே தேடிப் பாருங்க. ஸ்பேர் கிடைக்கலன்னா அந்த லிவர் வெறும் அழகுக்குத்தான்.

இப்ப பிஎஸ்5 காரங்க பல பேருக்குத் தெரியாத ஒரு சிக்கல். எக்ஸ்பாக்ஸ் பக்கம் வேற கம்பெனி கன்ட்ரோலர் வாங்கினா பெருசா ஒண்ணும் இழக்க மாட்ட. பிஎஸ்5ல அப்படி இல்ல, நேக்கான் ரெவல்யூஷன் 5 ப்ரோ மாதிரி, முன்ன சொன்ன விக்ட்ரிக்ஸ் மாதிரி லைசென்ஸ் வாங்கிச் செய்யற ஐட்டத்துலயும் பிஎஸ்5 கேம்ல அந்த ஹேப்டிக் அதிர்வும் (கேம்ல நடக்கறதை கைல உணர வைக்கற நுணுக்கமான அதிர்வு), அடாப்டிவ் ட்ரிக்கரும் (கேமுக்கு ஏத்த மாதிரி இறுகற ட்ரிக்கர்) வராது. சோனியோட கன்ட்ரோலரையே அடிப்படையா வச்சு மாத்தித் தர்ற ஸ்கஃப் மாதிரி ஆளுங்கதான் இதுக்கு விதிவிலக்கு, அவங்க விலை வேற லெவல். ஆன்லைன்ல சுடறது மட்டும்தான் வேலைன்னா இந்த அதிர்வு போனா போகட்டும், பல பேர் அதை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஆடறாங்க. ஆனா கிரான் டூரிஸ்மோ 7ல பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது ஏபிஎஸ் வேலை செஞ்சு எல்2, அதான் இடது ட்ரிக்கர், விரலுக்கு அடியில துடிக்கும் பாரு, அதுக்காகவே பிஎஸ்5 வாங்குனவன் நான், எனக்கு அதை விட்டுக்குடுக்க மனசு வராது.

ட்ரிக்கர் ஸ்டாப் விஷயத்துலயும் இப்படித்தான் கேமைப் பாத்து முடிவு பண்ணணும். ட்ரிக்கர் முழுசா உள்ள போகாம பாதிலயே நிக்கற மாதிரி பூட்டு போட்டா துப்பாக்கி கேம்ல கிளிக் கிளிக்னு சீக்கிரம் சுடலாம், சரி. அதே பூட்டோட கார் கேமுக்குப் போனா ஆக்சிலேட்டரை பதமா குடுக்கற நுணுக்கமே போச்சு. ரிட்டர்னல்ல எல்2 பாதி அமுக்குனா குறி, முழுசா அமுக்குனா இன்னொரு வகை சுடல், அதுல பூட்டு போட்டுட்டு உக்காந்தா பாதி ஆயுதம் இல்லாம சண்டைக்குப் போன மாதிரி. பூட்டு இருக்கறது நல்லதுதான், எடுக்கத் தெரியணும்.

எட்ஜ் பேட்டரி பத்தி ரெண்டே வரி. சாதா டூயல்சென்ஸ்ல 1,560 எம்ஏஎச், எட்ஜ்ல 1,050. மூணு பங்கு காசு குடுத்து மூணுல ரெண்டு பங்கு பேட்டரி வாங்கற பாக்கியம் நமக்குத்தான். பெட்டியில வர்ற நீளமான பின்னல் கேபிளை மாட்டியே ஆடுங்க, கழண்டு விழாம இருக்க பூட்டு கூட குடுத்திருக்கான்.

ரிவ்யூ வீடியோல எவனும் சொல்லாதது நம்ம ஊர் வேர்வை. அமெரிக்காவுல ஏசி ரூம்ல உக்காந்து கிரிப் சூப்பர்னு சொல்றவனுக்கு கத்திரி வெயில்ல பெரம்பூர்ல மொட்டை மாடிக்கு கீழ இருக்கற ரூம்ல ஃபேன் காத்துல ஆடறதுன்னா என்னன்னு தெரியுமா? ஒரு மேட்ச் முடியறதுக்குள்ள உள்ளங்கை நசநசன்னு ஆயிடும். ரப்பர் ஒட்டுன கிரிப் முதல்ல சொகுசாத்தான் இருக்கும், போகப் போக வேர்வையும் உப்பும் இறங்கி பசை விட்டு ஓரம் தூக்கும், அப்புறம் அந்த ஓரத்துல அழுக்கு சேர்ந்து கருப்பா ஒரு கோடு. தெரிஞ்ச பையன் ஒருத்தன்கிட்ட விலை ஜாஸ்தியான ஒண்ணு இருக்கு, பிராண்ட் வேணாம், அதோட கிரிப் தூக்கி அவன் ஃபெவிக்விக் போட்டு ஒட்டி வச்சிருக்கான், தொட்டா கூழாங்கல் மாதிரி இருக்கு. என் கருத்து, சென்னையில ஆடறவங்களுக்கு ரப்பரை விட பிளாஸ்டிக்லயே சொரசொரப்பு செதுக்குன கிரிப்தான் லாயக்கு, ஈரத்துணியில துடைச்சா முடிஞ்சுது. பக்கத்துல ஒரு துண்டு வச்சுக்கங்க, பஜ்ஜி தின்ன கையோட மட்டும் ஸ்டிக்கைத் தொடாதீங்க.

வாங்கற இடம். பர்மா பஜார், ரிச்சி ஸ்ட்ரீட் ரெண்டுலயும் இம்போர்ட் பீஸ் விலை கம்மியா இருக்கும், "பில் வேணுமா வேணாமா சார்"னு கேப்பாங்க, அந்தக் கேள்வியிலயே உங்க வாரண்டி இருக்கு. கழட்டற பாகம் நிறைய இருக்கற கன்ட்ரோலர்ல கெட்டுப் போற பாகமும் நிறைய, பில்லும் இந்திய வாரண்டியும் இல்லாம இந்த ரேட்ல எதையும் தொடாதீங்க. சிங்கப்பூர் மச்சான் வரும்போது வாங்கிட்டு வரட்டும்னு நெனைக்கறவங்க கெட்டுப்போனா திருப்பி அனுப்பற செலவையும் இப்பவே எழுதி வச்சுக்கங்க, சுண்டக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் ஆயிடும். டூப்ளிகேட்டும் ஓடுது. சாதா டூயல்சென்ஸோட பின்பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா சொரசொரப்பு முழுக்க முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம்னு பொடிப் பொடியா அச்சு இருக்கும், நிறைய போலியில அது வெறும் புள்ளியா இருக்கும், போன் கேமராவுல ஜூம் பண்ணுனா தெரிஞ்சுடும்.

அப்ப என்னதான் வாங்கறது? எக்ஸ்பாக்ஸ்னா நான் எலைட்டைத் தேடிப் போக மாட்டேன், பின்னாடி ரெண்டு பட்டன் இருக்கற ஹால் ஸ்டிக் கன்ட்ரோலர் ஒண்ணு, வயர்லெஸ்தான் வேணும்னா கூட கொஞ்சம் போட்டு வயர்லெஸ், அவ்ளோதான். நாலு பேடில் பேர் சொல்ல நல்லா இருக்கும், ஆனா டென்ஷன்ல கன்ட்ரோலரை இறுக்கிப் பிடிக்கும்போது மோதிர விரல் தானா அமுக்கிடும், பல பேர் கீழ் ரெண்டையும் கழட்டிட்டுத்தான் ஆடறாங்க. பிஎஸ்5ல கதை கேம், கார் கேம் பிரியர்னா எட்ஜ், இல்லன்னா சாதாவே போதும், நடுவுல வேற எதுவும் எனக்குத் தோணல. எஃப்சி ஃபுட்பால் கேம் மட்டும் ஆடற கோஷ்டிக்கு இது எதுவுமே தேவையில்ல, அந்தக் காசுல இன்னொரு சாதா கன்ட்ரோலர் வாங்கி வைங்க, ஞாயித்துக்கிழமை வர்ற நண்பன் கைல குடுக்க ஆகும். எட்ஜ் வாங்கறவங்களும் பழசை ஓஎல்எக்ஸ்ல போட்றாதீங்க, சார்ஜ் தீர்ந்து எட்ஜ் கேபிள்ல தொங்கும்போது அதான் கைக்கு வரும்.