காலைல ஆயில், மத்தியானம் காய்ஞ்ச பலகை

நேத்து ராத்திரி டென்பின் பௌலிங் தேர்வோட லிஸ்ட் ஒட்டிட்டாங்க. மூணு நாள், 18 கேம், மொத்தப் பின் கணக்கு (பந்தை உருட்டி விழ வைக்கிற பத்துக் கட்டைதான் பின்), முதல் ஆறு பேர் நாட்டு அணிக்கு. நான் ஏழாவது. ஆறாவது ஆளுக்கும் எனக்கும் 9 பின் வித்தியாசம். நல்லா ஆடித் தோத்திருந்தா இந்நேரம் கையைக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன். விடியற வரைக்கும் கண் மூடலை. வயிறு எரியுது.

மூணாம் நாள் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. எங்களை ரெண்டு ஸ்குவாடா, அதாவது ரெண்டு குழுவாப் பிரிச்சிருந்தாங்க. ஏ ஸ்குவாட் காலைல, பி ஸ்குவாட் மத்தியானம். நான் பி. முதல் ரெண்டு நாளும் ரெண்டு ஸ்குவாடுக்கும் தனித்தனியா லேன்ல, அதாவது பந்து உருளற பலகைப் பாதையில, ஆயில் போட்டாங்க. மூணாம் நாள் நான் பையைத் தூக்கிட்டு உள்ள போறேன், ஆயில் மெஷின் ஓரமா நிக்குது, ஒயரைச் சுருட்டி மேல வச்சிருக்காங்க. லேன்ல குனிஞ்சு பார்த்தேன். காலைல 24 பேர் ஆறாறு கேம் போட்ட லேன். ஒவ்வொரு லேன்லயும் 150 பந்துக்கு மேல ஓடியிருக்கு. பந்து போற தடத்துல ஆயிலே இல்லை. தலைமை ஏற்பாட்டாளர்கிட்ட போய், "சார், மெஷின் எப்போ ஓட்டுவீங்க?"ன்னு கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கலை. "காலைலயே போட்டாச்சே"ன்னார்.

காலைல போட்டாச்சாம்.

"சார், அது ஏ ஸ்குவாடுக்கு."

"எல்லாருக்கும் ஒரே லேன்தானேம்மா."

"சார், ஒரே லேன்தான். ஆனா அதே ஆயில் இப்போ அதுல இல்லை. இன்னைக்குப் போடுற பந்தெல்லாம் ஆயிலை உறிஞ்சிடும். தடம் காய்ஞ்சா பந்து சீக்கிரமே திரும்பிடும். காலைல ஆடினவங்க ஸ்கோரோட எங்க ஸ்கோரை எப்படி சார் சேர்த்துக் கூட்டுவீங்க?"

"டைம் இல்லம்மா. அஞ்சு நிமிஷத்துல பிராக்டிஸ் ஆரம்பிக்கணும்."

ஒரு லேனுக்கு ரெண்டு நிமிஷம் வச்சாலும் 12 லேனுக்கு அரை மணி நேரம் போதும். விதிமுறைத் தாளைக் காட்டச் சொன்னேன், காட்டினார். ரெண்டு பக்கம். எந்த நிறத்துல சட்டை போடணும்னு இருக்கு. எத்தனை நிமிஷம் லேட்டா வந்தா ஆட விடமாட்டோம்னு இருக்கு. ஆயிலைப் பத்தி ஒரு வரி, ஒரு சொல் இல்லை. நாட்டு அணியைத் தேர்ந்தெடுக்கிற போட்டிங்க! லேனோட நிலைமைதான் இந்த விளையாட்டு. ஃபவுல் லைன்லேர்ந்து, அதாவது தாண்டக் கூடாத கோட்டுலேர்ந்து, முதல் பின் வரைக்கும் 60 அடி, குறுக்கே 39 பலகை. அந்தப் பரப்புல ஆயில் எங்க இருக்கு, எங்க இல்லைங்கறதைக் கண்டுபிடிக்கிறதுதான் திறமை. அதைத் தாள்ல எழுதக்கூட அவங்களுக்குத் தோணலை.

ஆடினேன். முதல் ஃப்ரேம், அதாவது ஒரு கேம்ல இருக்கிற பத்துச் சுத்துல முதல் சுத்து. ரெண்டு நாளா பாக்கெட்டுல, அதாவது முதல் பின்னுக்கும் அதுக்குப் பக்கத்துப் பின்னுக்கும் நடுவுல, போய் விழுந்த அதே கோடு, அதே வேகம், அதே பந்து. பாதி தூரம் தாண்டறதுக்கு முன்னாடியே திரும்பிடுச்சு. நேரா முதல் பின் மூக்குலயே மோதி 4, 6, 7, 10-ன்னு நாலு பின் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நின்னுது. அஞ்சு பலகை இடது பக்கம் நகர்ந்தேன். இப்போ பந்து திரும்பவே இல்லை, 10-ஆம் பின் மட்டும் அசையாம நிக்குது. பந்தை மாத்தினேன். மறுபடி நகர்ந்தேன். கேம் முடியறப்போ 300-க்கு 158. மூணாவது கேம்லதான் வழி தெரிஞ்சுது, 231 வந்துச்சு. அதுக்குள்ள போனது போச்சு. எங்க ஸ்குவாட்ல இருந்த இடதுகைக்காரர் ஆறு கேமும் அருமையா போட்டார். அவர் பக்கத்து ஆயிலைக் காலைல யாரும் அதிகம் தொடலை. அவர் மேல எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல ஆட்டக்காரர். ஆனா அதே லேன்ல அவருக்கு ஒரு நிலைமை, எங்களுக்கு ஒரு நிலைமை. இதைத்தான் "எல்லாருக்கும் ஒரே லேன்"னு சொன்னார் அந்த மனுஷன்.

இதைவிடப் பெரிய கோபம் ஒண்ணு இருக்கு. ஆயில் ஒழுங்கா போட்டிருந்தாலும் இந்தத் தேர்வு தப்புதான். மூணு நாளும் ஒரே பேட்டர்ன் (லேன்ல ஆயிலைப் பரப்புற விதம்), அதுவும் வழக்கமா ஹால்ல போடுற ஹவுஸ் பேட்டர்ன். நடுவுல நிறைய ஆயில், ஓரத்துல கொஞ்சம். வெளியே தள்ளிப் போட்டாலும் பந்து திரும்பி வந்துடும், உள்ள இழுத்துப் போட்டாலும் ஆயில் தாங்கிப் பிடிச்சுக்கும். சர்வதேசப் போட்டியில அந்த மன்னிப்பு கிடையாது. ஒரு நாள் சின்ன பேட்டர்ன் இருக்கும், ஓரமா ஆடணும். இன்னொரு நாள் நீளமான பேட்டர்ன், நடுவுக்குள்ள ஆடணும். ஹவுஸ் பேட்டர்ன்ல 240 போடுறவங்க அங்க போய் 170-க்கு முழி பிதுங்கி நிக்கிறதை நானே பார்த்திருக்கேன். அதுக்கப்புறம் "பையன் டென்ஷன் ஆயிட்டான்"னு அந்தப் பையன் மேலயே பழியைப் போடுவாங்க. அவனைத் தப்பான பரீட்சை வச்சு அனுப்பினது யாரு?

அமெரிக்காவுல பல வருஷமா நடந்த தேர்வைப் பாருங்க. அஞ்சு நாள், அஞ்சு வேற வேற பேட்டர்ன், நாளுக்கு ஆறு கேம். மொத்தப் பின்னைக் கூட்டறதில்லை. அன்னைக்கு எந்த இடத்துல முடிச்சீங்களோ அதுதான் புள்ளி, கடைசியில குறைஞ்ச புள்ளிக்காரர் மேல வருவார். ஒரே நாள் 280, 290-ன்னு பொழிஞ்சுட்டு மீதி நாலு நாள் படுத்தாலும் தப்பிச்சுக்க முடியாது. முன்னணியில வர்றவங்க நேரா அணிக்குள்ள. மீதி இடத்தைத்தான் தேர்வுக் குழு நிரப்பும். குழு தேர்ந்தெடுக்கறதை நான் எதிர்க்கவே இல்லை. ஏன் இவரை எடுத்தோம்னு முன்கூட்டியே சொன்ன அளவுகோலை வச்சு எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டட்டும், போதும்.

அணின்னு வாய் கிழியப் பேசறோமே, அணி ஆட்டத்தை எங்க சோதிச்சோம்? 2018 ஆசிய விளையாட்டுல பௌலிங்ல சிங்கிள்ஸ்ங்கற பிரிவே கிடையாது. மூணு பேர் சேர்ந்து ஆடுற ட்ரையோஸ், ஆறு பேர் அணி, முன்னணி ஆட்டக்காரங்க தனியா மோதுற மாஸ்டர்ஸ், அவ்வளவுதான். பேக்கர் முறைன்னு இன்னொரு அணி ஆட்டம் இருக்கு, அதுல அஞ்சு பேர் மாறி மாறி ஒரே கேமை ஆடுவாங்க. கடைசி ஆள் போடுறது அஞ்சாவது ஃப்ரேமும் பத்தாவது ஃப்ரேமும் மட்டும். நடுவுல நாலு பேர் ஆடுற வரைக்கும் உட்கார்ந்திருந்து, கை ஆறிப்போய், திடீர்னு எழுந்து பத்தாவது ஃப்ரேமைப் போடணும். அது தனித் திறமை. அதை மூணு நாள்ல ஒரு கேம் ஆட வச்சுப் பார்த்தாங்களா? ஸ்பேரை, அதாவது முதல் பந்துல விழாம நின்ன பின்னை ரெண்டாவது பந்துல, யார் விடாம எடுக்கறாங்கன்னாவது யாராவது குறிச்சு வச்சாங்களா? மேஜையில நானே பார்த்தேன், மொத்தம் எழுதின ஒரு காகிதம்தான் கிடந்துது.

1988 சியோல் ஒலிம்பிக்ல பௌலிங்கைக் காட்சிப் போட்டியா வச்சாங்க. அதோட அந்தக் கதவு மூடினது மூடினதுதான். எங்களையும் விளையாட்டு வீரரா மதிங்கன்னு எல்லார்கிட்டயும் கெஞ்சறோம். முதல்ல நம்ம ஹாலுக்குள்ள நம்மை மதிக்கட்டும். அடுத்த தேர்வுக்கு மூணு மாசம் முன்னாடி பேட்டர்ன் எத்தனை அடி, எத்தனை மில்லி ஆயில், எப்போ போடுவாங்கன்னு எழுதி ஒட்டணும். காலை ஸ்குவாடும் மத்தியான ஸ்குவாடும் தினமும் மாறணும். இதுக்கு எந்தப் பணமும் வேண்டாம், ஒரு பேனா போதும்.

எழுதி எழுதிக் கையே வலிக்குது, ஆனா இன்னொண்ணையும் சொல்லிடறேன். அஞ்சாவது கேம்ல யாரோ தண்ணி பாட்டிலோட அப்ரோச் (நடந்து வந்து பந்து போடுற மேடை) மேல ஏறி நின்னிருக்காங்க. நாலு சொட்டு சிந்தியிருக்கு. எனக்குத் தெரியலை. ஷூ அடியில ஈரம் பட்டு, வழுக்கிப் போக வேண்டிய கால் அப்படியே ஒட்டிக்கிச்சு. பந்து கையை விட்டுப் போச்சு, நான் ஃபவுல் லைன்ல முட்டி போட்டு விழுந்தேன். எத்தனை தடவைதான் சொல்றது? பாட்டிலைக் கீழ மேஜையில வச்சுட்டு ஏறுங்கப்பா. முட்டி இன்னும் வீங்கித்தான் இருக்கு.