கொல்லிமலையில் இடம் வாங்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு

இந்த ஒரு வாரத்தில் மூன்று பேர் இன்பாக்ஸில் கேட்டுவிட்டார்கள். "அடிக்கடி கொல்லிமலை போறீங்களே, அங்க ஒரு அரை ஏக்கர் பார்த்துச் சொல்லுங்களேன்." ஒருவர் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறார், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் ஓய்வு பெறப் போகும் ஆசிரியர். மூவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். போய் வாருங்கள், நூறு தடவை போய் வாருங்கள். இடம் மட்டும் வாங்காதீர்கள்.

நானும் ஒரு காலத்தில் இடம் வாங்கத்தான் மலை ஏறினேன்.

ஆறேழு வருடம் இருக்கும். தரகர் ஒருவர் காரவள்ளி அடிவாரத்தில் வண்டியில் ஏறிக்கொண்டார். 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் எண் போட்டிருக்கும், எண்ணிக்கொண்டே போகலாம். செம்மேடு தாண்டி, தார் ரோடு முடிந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டு அரை மணி நேரம் மண் பாதையில் நடந்தோம். மொத்தமே முப்பது வீடு. மேப்பில் தேடினால் வெறும் பச்சைதான் தெரியும். ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, காரணம் படித்தால் புரியும்.

சரிவு முழுக்க சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் மிளகுக் கொடி. கீழே மரவள்ளி. ஓரத்தில் ஒரு பெரிய பலா, அடிமரத்திலேயே காய் பிடித்திருந்தது. விலையைக் கேட்டால் எங்கள் நாமக்கல் பக்கம் ஒரு வீட்டு மனைக்குக் கேட்பதில் பாதிகூட இல்லை. மனது அங்கேயே வீடு கட்டிவிட்டது.

தரகர் பட்டா நகலைக் காட்டினார். அதில் இருந்த பெயர், இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆன ஒரு தாத்தாவுடையது. பேரன் ஒருவர் மட்டும் பவர் எழுதிக் கொடுத்திருந்தார். "மத்தவங்க கையெழுத்தெல்லாம் அப்புறம் வாங்கிக்கலாம் சார், நீங்க முதல்ல அட்வான்ஸ் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, போனுக்கு சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறிப் போனார்.

நான் பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டேன். வாசலில் ஒரு ஆயா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "எந்த ஊரு சாமி?" என்று கேட்டுக்கொண்டே சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார். அந்தச் சரிவைக் காட்டி, எவ்வளவு நிலம் ஆயா என்றேன். "அந்தப் பாறையிலேர்ந்து ஓடை வரைக்கும் மூணு வள்ளம் வெதப்பாடு" என்றார். அவருக்கு ஏக்கர், சென்ட் எல்லாம் கிடையாது. வள்ளம் என்பது தானியம் அளக்கும் அளவு. எத்தனை வள்ளம் விதை பிடிக்குமோ அதுதான் நிலத்தின் அளவு. "மேல இருக்கறது பெரியவன் பாகம். பலா நிக்கறது எம்பாகம். எனக்கப்புறம் சின்னவனுக்கு." எல்லாம் வாயால் பிரித்துக்கொண்ட பாகம்தான், ஒரு காகிதத்திலும் இல்லை.

"இதை விக்கறதாச் சொல்றாங்களே ஆயா?"

முறம் நின்றுவிட்டது. "யாரு?" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்று அட்வான்ஸ் கொடுக்காமல் இறங்கி வந்தேன். தரகர் இரண்டு மாதம் போன் செய்துகொண்டே இருந்தார்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன், வக்கீல் நண்பர்களிடம் கேட்டேன். கொல்லிமலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம், பேசுவது தமிழ். முன்னோர்களான அண்ணன் தம்பிகள் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. இவர்கள் பட்டியல் பழங்குடியினர் என்பதால் வாரிசு விஷயத்தில் 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படியே பொருந்தாது, அவர்கள் வழக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கும். பத்திரமே பதியாத பாகப்பிரிவினை அதில் எங்கிருந்து வரும்? சில இடங்கள் நிபந்தனைப் பட்டா, அதாவது அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்தவை. இன்னும் சில, 2006ஆம் வருட வன உரிமைச் சட்டத்தில் கிடைத்தவை. அவை வாரிசுக்குப் போகும், ஆனால் விற்கவே முடியாது. சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. இத்தனையும் தெரிந்துதான் தரகர்கள் "பேப்பர் கிளியர் சார்" என்கிறார்கள்.

ஆந்திராவின் பழங்குடிப் பகுதிகளில் வெளியாள் நிலம் வாங்கவே முடியாது. அங்கே 1970இல் கொண்டுவந்த 1/70 என்கிற சட்டம் இருக்கிறது. பழங்குடிப் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்பு தருவது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணை. நம் தமிழ்நாட்டின் மலைகள் அதில் இல்லை. அந்தப் பாதுகாப்பு இங்கே கிடையாது. அது எனக்கு இன்றைக்கும் வலிக்கிற விஷயம். வல்வில் ஓரிக்கு ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு விழா எடுக்கிறோம். ஓரி ஆண்ட மலையில் ஒரு ஆயாவின் மூன்று வள்ளம் நிலத்துக்குக் காவல் இல்லை.

"அவங்களே விரும்பி வித்தா என்ன தப்பு?" என்று சிங்கப்பூர் நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நிலம் அவர்களுடையது, விற்க வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் மலையில் யாரும் நல்ல விலை வந்தது என்று விற்றதை நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளையின் காலேஜ் பீஸ், அடைக்க முடியாத கடன். அந்த அவசரம்தான் விலையை முடிவு செய்கிறது. பக்கத்து ஊரில் கம்பி வேலி போட்ட தோட்டம் ஒன்று இருக்கிறது. கேட்டுக்குக் காவல் இருப்பவர் அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர். வேலி வந்த பிறகு ஓடைக்குப் போகும் பாதை அடைபட்டு, பெண்கள் குடத்தோடு சுற்றிக்கொண்டு போகிறார்கள். வாங்கியவர் கெட்டவர் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை குடும்பத்தோடு வருகிறார், எல்லோரிடமும் அன்பாகப் பேசுகிறார். அந்தப் பாதை பத்திரத்தில் இல்லை என்பதால் அவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

இந்த மலைக்கு வெளிப்பணம் வந்தது இது முதல் தடவையும் இல்லை. அலுமினியத்துக்காக பாக்சைட் தோண்டினார்கள், 2008இல்தான் நின்றது. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி ஏறியது. சாமை, தினை, பனிவரகு விளைந்த சரிவுகளில் பெரும்பகுதி மரவள்ளிக்குப் போனது. கிழங்கைப் பிடுங்கும்போது மண் இளகி, அடுத்த மழையில் கீழே போய்விடுகிறது. கிழங்குக்கு விலையும் மலையில் முடிவாவதில்லை, கீழே முடிவாகிறது. சாமையை விட்டதற்கு இன்னொரு காரணம், உமி நீக்கும் பாடு. உரலில் இடித்து இடித்துப் பெண்களின் தோள் போய்விடும். ஊருக்குள் மாவு மில்லும் உமி நீக்கும் இயந்திரமும் வந்த இடங்களில் சிறுதானியம் கொஞ்சம் உயிர் பிழைத்தது. முதலீடு என்றால் எனக்கு அதுதான் முதலீடு. நிலம் அவர்கள் பெயரில் இருக்க, வேலை சுலபமாக வேண்டும், விளைந்ததற்கு விலை கிடைக்க வேண்டும்.

அதனால் பணம் கையில் இருக்கிறவர்களுக்கு என் யோசனை இது. மிளகை நேராக அவர்களிடம் வாங்குங்கள். பாயில் காயும் மிளகைக் கையில் அள்ளிப் பாருங்கள், கடையில் வாங்குவதோடு ஒப்பிடவே மாட்டீர்கள். காபிக் கொட்டை, சாமை, அன்னாசி, மலைவாழை எல்லாம் சோளக்காடு சந்தையில் கிடைக்கும். பேரம் பேசாதீர்கள். ஆகாய கங்கை அருவிக்குப் போனால் ஆயிரம் படி இறங்கி ஏற வேண்டும், முட்டி பத்திரம். அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள். தங்க வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் நடத்தும் இடமாகக் கேட்டுத் தங்குங்கள். பழகிய வீடு இருந்தால் முன்னமே சொல்லிவிடுங்கள், சமைத்து வைப்பார்கள். போகிற ஊரை ரீல்ஸ் எடுத்து லொகேஷன் போடாதீர்கள். போட்ட மூன்றாவது மாதம் தரகர் வருவார்.

ஆயாவை இப்போதும் வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கிறேன். அந்தப் பவர் பத்திரத்தை ரத்து செய்ய வைத்துவிட்டார்கள், பேரன் வந்து மன்னிப்புக் கேட்டாராம். பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற மனு கொடுத்திருக்கிறார்கள், தாலுகா ஆபீசுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். இந்த வேலை தெரிந்த வக்கீலோ, ஓய்வு பெற்ற சர்வேயரோ, வி.ஏ.ஓ.வோ இதைப் படித்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரு நாள் மலை ஏறி வந்து மனுவைப் பார்த்துச் சொன்னால் போதும். பலா பழுக்கும் சமயத்தில் போகலாம் என்றிருக்கிறேன், என் வண்டியிலேயே கூட்டிப் போகிறேன்.